கரையிலிருந்து எவ்வளவு தூரம்

அருமைநாயகத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. அவருக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்த உமையாளுக்கு முப்பத்தாறு. இவர் அவரை "மேடம்" என்பார். அவர் இவரை "சார்" என்பார். மையத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் முதல் நாள் அருமைநாயகத்தைப் பார்த்து எழுந்து நிற்பார்கள். அவர் கையமர்த்திவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்காருவார்.

இருபத்தெட்டு வருஷம் சர்வேயராக இருந்தவர். வெயிலில் சங்கிலி இழுத்து, எல்லைக்கல் தேடி, வரப்புச் சண்டைகளுக்கு நடுவில் நின்று பழகியவர். தபால் வழியில் எம்.எஸ்ஸி. முடித்தார். ஐம்பதாவது வயதில் வேலையை விட்டுவிட்டு, சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் இருந்த சின்னக் கணித மையத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். ஏன் என்று கேட்டவர்களுக்கு, "தரையை அளந்தாச்சு, இனிமே தரை இல்லாததையும் அளந்து பார்ப்போமே" என்றார்.

கூடவே அண்ணன் ஆசீர்வாதமும் வந்தார். அப்பா இறந்தபோது எட்டாம் வகுப்போடு நின்று, தீப்பெட்டி ஆபீசுக்குப் போய், தம்பியைப் படிக்க வைத்தவர் அவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூளையில் ரத்தம் உறைந்து பேச்சு நின்றுபோனது. நடை மட்டும் மிஞ்சியது. ஆள் அடையாளம் தெரிகிறதா இல்லையா என்று டாக்டரால்கூடச் சொல்ல முடியவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டார். சோற்றை வைத்தால் சாப்பிடுவார். வைக்காவிட்டால் கேட்கமாட்டார்.

நான்கு மாதமாக உமையாள் ஒரே ஒரு தேற்றத்தைத்தான் அருமைநாயகத்துக்குக் கொடுத்திருந்தார்.

"ஒரு வெளி இருக்கு. அதுக்கு ஒரு கரை இருக்கு. பக்கத்துப் பக்கத்துல கிளம்பின ரெண்டு நேர்க்கோட்டைப் பிரிச்சு விடுற மாதிரி வளைவு உள்ளே எங்கேயும் கிடையாது. கரையும் எல்லா இடத்துலயும் உள்பக்கம் பார்த்தே வளையுது, குறைஞ்சது இவ்வளவாவது. அப்படின்னா உள்ளே இருக்கிற எந்தப் புள்ளியும் கரையிலேர்ந்து ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கு மேல போக முடியாது. அந்தத் தூரம் எவ்வளவுன்னு அந்த வளைவே சொல்லிடும்."

நிரூபணத்தில் ஒரு வரி விடாமல் அருமைநாயகத்துக்குப் புரிந்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதுவார். மனசுதான் ஒப்பவில்லை.

"மேடம், நான் கால் வைக்காத இடத்தை அளவுப் புத்தகத்துல எழுதினதே இல்லை. ஓரம் எப்படி வளையுது, தரை எப்படி வளையுதுன்னு மட்டும் தெரிஞ்சுக்கிட்டு, உள்ளே எவ்வளவு தூரம்னு எப்படிச் சொல்றது?"

உமையாள் ஒரு வெள்ளைத்தாளை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இன்னொரு தடவை எழுதிப் பாருங்க சார்" என்றார்.

மே மாதத்தில் ஒரு நாள் காலை ஒன்பதரை மணிக்கு அருமைநாயகம் உமையாளின் அறைக்குப் போனார். கையில் நோட்டு இல்லை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மேடம், ஊருக்குப் போயிடலாம்னு இருக்கேன்."

"எத்தனை நாளைக்கு?"

"திரும்பி வர்ற மாதிரி இல்லை."

உமையாள் பேனாவை மூடி வைத்தார்.

"அண்ணன் பக்கத்துல ஒரு ஆள் எப்பவும் இருக்கணும். இங்க வந்து உட்கார்ந்தா மனசு அங்க கிடக்கு. அங்க உட்கார்ந்தா இங்க கிடக்கு. ரெண்டு இடத்துக்கும் நான் பத்தல."

"அவருக்கு உங்களைத் தெரியுதா சார்?"

"தெரியல மேடம்." அருமைநாயகம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "உள்ளே யாராவது இருக்காங்களான்னே தெரியல. வெளியில முகத்தைப் பார்த்து என்னத்தைக் கண்டுபிடிக்கிறது."

உமையாள் வாய் திறப்பதற்குள் வாசலில் நிழல் விழுந்தது. சோலையம்மா நின்றாள். கண்மாயில் நூறு நாள் வேலை பார்க்கும் பெண்களுக்கு அவள்தான் பொறுப்பாளர். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"ஐயா, ஒங்க அண்ணன் வீட்ல இருக்காரா?"

அருமைநாயகம் அவளையே பார்த்தார்.

"கண்மாய்க்குள்ள எறங்குனாரு. நான் பாத்தேன். ஒதுங்கத்தான் போறாருன்னு திரும்பிக்கிட்டேன். ஒரு மணி நேரமாச்சுங்கய்யா. இன்னும் ஏறல."

அந்தக் கண்மாயில் தண்ணீர் நின்று ஏழு வருஷம் ஆகியிருந்தது. உள்ளே முழுக்கச் சீமைக்கருவேலம். நின்ற இடத்திலிருந்து இருபதடிக்கு மேல் கண் போகாது. தண்ணீர் கிடையாது, நிழல் குறைவு. பதினோரு மணிக்கு மேல் ஆடுகூட உள்ளே போகாது.

அருமைநாயகம் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார். கரையேறி, சறுக்கி இறங்கி, முள்ளுக்குள் நுழைந்தார். "அண்ணே, அண்ணே" என்று கத்தினார். கத்தும்போதே, பதில் வராது என்பது அவருக்குத் தெரியும். பின்னாலேயே பெண்களும் ஆளுக்கொரு பக்கமாக இறங்கினார்கள். கால் மணி நேரத்தில் எல்லோரும் முள் கிழித்து, வெவ்வேறு இடத்தில் வெளியே வந்து நின்றார்கள். யார் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

அருமைநாயகம் மறுபடி நுழையப் போனார். யாரோ கையைப் பிடித்தார்கள். உமையாள்.

"நில்லுங்க சார்."

"எப்படி மேடம் நிக்கிறது. வெயில் ஏறுது."

"இப்படியே போனா எங்க தேடினோம், எங்க தேடலைன்னு நமக்கே தெரியாது. இந்தக் கரையைத் தினமும் சுத்தி நடக்கிறீங்க. சுத்தளவு எவ்வளவு?"

அந்த நேரத்திலும் சர்வேயர் வாய் தானாகச் சொன்னது. "தொள்ளாயிரத்து நாப்பது தப்படி."

"வட்டம்தானே?"

"கிட்டத்தட்ட."

"அப்ப நடு எவ்வளவு தூரத்துல இருக்கும்?"

"நூத்தம்பது."

உமையாள் சோலையம்மா பக்கம் திரும்பினார். "வேற பக்கமா ஏறி வெளியே போயிருப்பாரா?"

"சுத்தி எங்காளுகதான வேலை பாக்குதுக. ஏறுனா யாரு கண்ணுலயாவது படாமப் போக முடியாதும்மா."

"அப்ப உள்ளேதான் இருக்கார். எங்க இருந்தாலும் ஒரு கரையிலேர்ந்து நூத்தம்பது தப்படிக்குள்ளதான் இருக்கார். சார், இந்தக் கரை எங்கேயாவது உள்பக்கமா துருத்திக்கிட்டு இருக்கா?"

"மேற்கே. தண்ணித் தொட்டி கட்டின இடத்துல. இருபத்தஞ்சு தப்படி நீளத்துக்கு."

"அங்க நிக்கிறவங்க நேரா நடந்தா, போகப் போக ஒருத்தரை விட்டு ஒருத்தர் விலகுவாங்க. அங்க மட்டும் ரெண்டு மடங்கு ஆள்."

சோலையம்மா விசில் ஊதினாள். நாற்பத்தொரு பெண்கள். மையத்திலிருந்து உமையாளையும் அருமைநாயகத்தையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். பதினெட்டு தப்படிக்கு ஓர் ஆளாகக் கரையைச் சுற்றி நின்றார்கள். தொட்டிப் பக்கம் ஒன்பதுக்கு ஓர் ஆள். கரையை ஒட்டிய பகுதியில் முள்ளை முன்பே வெட்டிச் சுத்தம் செய்திருந்ததால் அங்கே தேட வேலை இல்லை. எல்லோரும் கரைக்கு முதுகைக் காட்டி, நேரே முன்னால் பார்த்து நிற்க வேண்டும். வளையக் கூடாது. முள் வந்தால் வெட்டிக்கொண்டு போக வேண்டும். யாரும் கூப்பிட வேண்டாம்; இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனால் போதும்.

"இது எதுக்கும்மா இப்படி?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நடந்தா தெரியும்" என்றார் உமையாள்.

இரண்டாவது விசிலுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கினார்கள்.

அருமைநாயகத்துக்கு இடப்பக்கம் நின்றவள் சேலைக்கு மேல் நீலத்தில் ஆம்பளைச் சட்டை போட்டிருந்தாள். முள்ளுக்குள் நுழைந்ததும் அந்தச் சட்டைகூடத் தெரியவில்லை. கிளைகளுக்கு நடுவில் நீலமாக என்னவோ அசைந்தது, அவ்வளவுதான். ஒவ்வொரு அடியையும் எண்ணிக்கொண்டே நடந்தார். இருபது. நாற்பது. உள்ளங்காலில் முள் ஏறியது. நிற்கவில்லை. அறுபதில் அவளுடைய அரிவாள் விழும் சத்தம் கேட்டது. எழுபத்தைந்தில் அவள் முழுசாகத் தெரிந்தாள். நூறில் அவள் மூச்சு விடுவது கேட்டது. வலப்பக்கமும் ஆள் தெரிந்தது. அவர் பக்கத்தில் போகவில்லை, அவளும் வரவில்லை. ஆளாளுக்குத் தன் வழியில் நேராகத்தான் வந்தார்கள். இருந்தும் நடுவில் இருந்த இடம் தானாகச் சுருங்கிக்கொண்டே வந்தது. நூற்றிருபதில் அவர்களுக்கு நடுவே ஒரு முயல் பதுங்கியிருந்தால்கூடத் தப்பியிருக்காது.

நான்கு மாதமாகக் காகிதத்தில் எழுதிய வரி கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. அவருக்கு அது சந்தோஷமாக இல்லை. அண்ணனைக் காணவில்லை.

நூற்றைம்பதுக்கு இரண்டு தப்படி முன்பின்னாக ஐம்பத்து மூன்று பேரும் ஒரு வெட்டவெளியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரும் கிடைக்கவில்லை.

மணி பத்தே முக்கால்.

அருமைநாயகம் தரையில் உட்கார்ந்துவிட்டார். காலிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

"பொய் மேடம்" என்றார். "நான் அப்பவே சொன்னேன். கால் வைக்காத இடத்தை எழுதக் கூடாது."

உமையாள் பெண்கள் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"வர்ற வழியில யாருக்காவது பக்கத்து ஆள் விலகிப் போனாங்களா?"

சிலர் முந்தானையில் ஒட்டிய முள்ளை எடுக்கத் தொடங்கினார்கள்.

"தப்பா நெனைக்க மாட்டேன். கிட்ட வரவேண்டிய ஆள் தள்ளிப் போனது யாருக்கு?"

பின்னாலிருந்து ஒருத்தி, ராக்கு என்று பெயர், தலையைக் குனிந்துகொண்டு முன்னால் வந்தாள்.

"எனக்கும் பக்கத்துல வந்த பேச்சிக்கும்மா. பாதி வழியில ரெண்டு மண்மேடு வந்துச்சு. முன்னாடி வண்டல் அள்ளிக் குவிச்சுப் போட்டது. அதுக்கு நடுவுல ஏறி எறங்கணும். நாங்க நேராத்தான் வந்தோம். ஆனா நடு வர்றப்ப அவ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஆளே மறைஞ்சிருச்சு. தாண்டி எறங்குனதும் மறுபடி கிட்ட வந்துட்டோம். சேந்துட்டமேன்னு விட்டுட்டேன்."

"ரெண்டு மேட்டுக்கு நடுவுல தரை எப்படி இருக்கும்? குதிரை முதுகுல போடுற சேணம் மாதிரியா?"

"அப்படித்தாம்மா இருக்கும்."

உமையாள் அருமைநாயகத்தின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். உமையாளின் முகத்திலும் முள் கீறி ரத்தம் கோடு போட்டிருந்தது.

"சார், கரை எங்க துருத்துதுன்னு உங்ககிட்ட கேட்டேன். உள்ளே தரை எப்படின்னு யார்கிட்டயும் கேக்கல. பாதி நிபந்தனையைத்தான் பார்த்திருக்கேன். தப்பு என்னோடது."

அருமைநாயகம் நிமிர்ந்து பார்த்தார்.

"நிபந்தனை பொருந்தின இடத்துல எல்லாம் நாம பார்த்துட்டோம் சார். அங்கெல்லாம் அவர் இல்லை. அது உடைஞ்ச இடம் ஒண்ணே ஒண்ணுதான்."

அவர் எழுந்துவிட்டார். ராக்கு முன்னால் நடந்தாள். இந்த முறை யாரும் ஓடவில்லை.

இரண்டு மேடுகளும் ஆள் உயரத்துக்கு மேலே இருந்தன. நடுவில் தரை முன்னும் பின்னும் சரிந்து, இரண்டு பக்கமும் ஏறியது. ராக்கு நடந்த தடம் ஒரு மேட்டின் அடியை ஒட்டிப் போயிருந்தது. பேச்சி நடந்த தடம் எதிர்மேட்டை ஒட்டி. நடுவில் யாருடைய காலும் படாத முள் சுவர் மாதிரி அடர்ந்து நின்றது. அதற்குள்ளிருந்து ஒரு வெள்ளை வேட்டியின் நுனி தெரிந்தது.

ஆசீர்வாதம் ஒரு கருவேல மரத்தின் அடியில், இருந்த கொஞ்ச நிழலுக்குள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடு வறண்டிருந்தது. கையிலும் காலிலும் கீறல். மற்றபடி ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பக்கமும் ஆட்கள் தன்னைத் தாண்டி நடந்ததை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

அருமைநாயகம் குனிந்து முள்ளை விலக்கி உள்ளே போனார். வெயிலில் நின்றபடியே அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆசீர்வாதம் தம்பியின் காலைப் பார்த்தார். ரத்தத்தைப் பார்த்தார். பிறகு மரத்தை ஒட்டிக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, நிழலில் ஓர் ஆள் இருக்க இடம் விட்டார்.

அருமைநாயகம் அந்த இடத்தில் உட்கார்ந்தார். சோலையம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அதை வாங்கி அண்ணனின் வாயில் வைத்தார். பெண்கள் யாரும் கிட்டே வரவில்லை. ராக்கு மட்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கு அவர் ஊருக்குப் போவது பற்றிப் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அந்த வாரக் கடைசியில் சோலையம்மா தானாக வந்து, "காலையில ரெண்டு மணி நேரம் எங்ககூடக் கரையில உக்காந்திருக்கட்டும்யா, நாங்க நாப்பது பேரு இருக்கோம், பாத்துக்க மாட்டமா" என்றாள். அருமைநாயகம் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். ஆனால் "சரிம்மா" என்றார்.

மற்ற நேரங்களில் அண்ணனையும் வகுப்புக்குக் கூட்டி வந்தார். உமையாள் ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி போடச் சொன்னார். ஆசீர்வாதம் அதில் உட்கார்ந்து கரும்பலகையையோ, அதற்குப் பக்கத்துச் சுவரையோ பார்த்துக்கொண்டிருப்பார்.

ஜூன் மாதம் முதல் மழை பெய்த அன்று உமையாள் தேற்றத்தின் இரண்டாம் பாதியை எடுத்தார். இதுவரை அதை அவர் சொன்னதில்லை.

"எல்லா நிபந்தனையும் பொருந்துது சார். கரையும் சரி, உள்ளேயும் சரி. எந்தப் புள்ளியும் அந்தத் தூரத்துக்கு மேல போக முடியாதுன்னு பார்த்தோம். இப்போ உள்ளே ஒரே ஒரு புள்ளி, சரியா அந்தக் கடைசித் தூரத்துல இருக்குன்னு வச்சுக்குவோம். ஒண்ணே ஒண்ணு போதும். அப்ப அந்த வெளி என்ன வடிவம்?"

அருமைநாயகம் நோட்டைத் திறந்தார். எழுதிப் பார்த்தார். அடித்தார். மறுபடி எழுதினார். வெளியே மழைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"உருண்டை" என்றார். "கோணல் மாணல் இல்லாத, முழு உருண்டை. வேற எதுவா இருக்கவும் வழியில்லை."

"ஆமா."

"ஒரு புள்ளி அங்க இருக்குன்னு மட்டும் தெரிஞ்சா, மொத்த வடிவமும் தெரிஞ்சு போச்சு."

"ஆமா சார்."

இந்த முறை அவர், எப்படி நம்புவது என்று கேட்கவில்லை. எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார். அண்ணன் கையை வெளியே நீட்டி, சாரல் படப் படச் சும்மா வைத்திருந்தார்.

"பாவம் மேடம், அந்தப் புள்ளி."

"ஏன் சார்?"

"உள்ளே இருக்கிற அத்தனையிலயும் கரைக்கு ரொம்பத் தூரத்துல இருக்கிறது அது ஒண்ணுதானே."

உமையாள் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"தூரம்தான் சார். ஆனா கரையில எந்த மூலையிலேர்ந்து யார் கிளம்பினாலும், எல்லாரும் ஒரே நேரத்துல வந்து சேர்றது அங்கதான்."